ராணியின் பதக்கமும் தளவாயின் பட்டையும்

முன்னொரு காலத்தில் என்று தொடங்காவிட்டால் கதை கேட்க வந்தவர்கள் எழுந்து போய்விடுவார்கள். ஆகவே முன்னொரு காலத்தில் என்றே வைத்துக்கொள்வோம். நாட்டின் பெயர் நமக்கு வேண்டாம். அதை ஆண்டவர் விசயபூபதி என்ற மன்னர். குணத்தில் குறை சொல்ல முடியாதவர், ஆனால் மாதத்துக்கு ஓர் ஆசை வந்து அவரை ஆட்டிவைக்கும். ஆடியில் வெள்ளை மயில் வேண்டும் என்றார். ஆவணியில் அதன் சத்தம் தாங்காமல் அண்டை நாட்டு மன்னருக்குப் பரிசாக அனுப்பிவைத்தார். அதற்குப் பிறகு அண்டை நாட்டோடு கொஞ்ச காலம் பேச்சுவார்த்தை இல்லை.

மார்கழியில் கடல் கடந்த தேசத்திலிருந்து ஒரு தூதர் வந்தார். அவர் மார்பின் குறுக்கே, தோளிலிருந்து இடுப்புவரை, கையகலத்தில் ஒரு பட்டுப் பட்டை. அதன் முனையில் கற்கள் பதித்த ஒரு நட்சத்திரம். இது என்ன நகை என்று மன்னர் கேட்டார். நகை இல்லை, எங்கள் நாட்டில் வீரச்செயல் புரிந்தவர்களை மன்னர் ஒரு குழுவாகச் சேர்த்து அணிவிக்கும் சின்னம், இதை அணிந்தவர் வந்தால் ஊரே எழுந்து நிற்கும் என்றார் தூதர். அவர் வந்தது மிளகு விஷயமாக. மிளகைப் பற்றி அவர் சொன்ன ஒரு வார்த்தையும் மன்னர் காதில் ஏறவில்லை.

அடுத்த வாரமே நம் நாட்டிலும் ‘சூரிய வரிசை’ என்று அதே மாதிரி ஒரு வீரர் குழு பிறந்துவிட்டது. மன்னர் கருவூலத்து வைரங்களை எடுத்துத் தமக்கு ஒரு சின்னம் செய்துகொண்டார். அடுத்தது வீரர்களுக்கு. வீரர்கள் யார் என்று கேட்டதும் சேனைத் தலைவரான தளவாய் கேசரியப்பர் முன்னால் வந்து நின்றார். அவருக்குப் பின்னால் அவரோடு எப்போதும் ஒட்டிக்கொண்டு திரியும் மூன்று பிரதானிகளும் வந்து நின்றார்கள். அந்த மூவரும் செய்த வீரச்செயல் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை, நீங்களும் கேட்காதீர்கள். தளவாயின் செயல் மட்டும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடங்களுக்கு முன் நடந்த போரில், காக்கையாற்றுத் துறையில் எதிரியை மூன்று நாள் கடக்க விடாமல் நிறுத்தியவர் அவர்தான். எப்படித் தெரியும் என்றால், அவரே சொல்லியிருக்கிறார்.

வரிசையின் விதியை எழுதும் பொறுப்பும் தளவாயிடம் வந்தது. வெள்ளை மயிலின் கதி அவருக்கு நினைவிருந்தது. கொடுத்ததை மன்னர் அடுத்த மாதம் திரும்பக் கேட்டால் என்ன செய்வது? ஆகவே ஒரே ஒரு விதியை எழுதி மன்னர் முத்திரையை வாங்கிவிட்டார். தோளில் ஏறிய பட்டை உயிருள்ளவரை தோளை விட்டு இறங்கக் கூடாது, இறக்கியவன் நாடு கடத்தப்படுவான். குளிக்கும்போது என்ன செய்வது என்று யாரோ கேட்டதற்கு, பட்டையோடு குளிப்பேன் என்று பதில் சொன்னாராம். பட்டையை மற்றவர்களுடையதைவிட நீளமாக, முழங்கால்வரை தொங்கும்படி தைக்கச் சொன்னதும் அவர்தான்.

இப்போது கற்களுக்கு எங்கே போவது? கருவூலத்தில் நல்ல கல் தீர்ந்துவிட்டது. தளவாய் பணிவாகக் குனிந்து, “அந்தப்புரத்துப் பெண்களிடம் நான்கு பழைய பதக்கங்கள் சும்மா பெட்டியில் கிடக்கின்றன, பிரபு. முத்துச் சரத்தை எடுத்துவிட்டுப் பட்டையில் தைத்தால் வேலை முடிந்தது” என்றார்.

சபையில் ஓர் ஓரத்தில் உட்கார்ந்திருந்த விகடன் தாண்டவனுக்கு இதைக் கேட்டதும் வயிறு எரிந்தது. எதையும் சிரித்துத் தள்ளுகிறவன் அவன், ஆனால் இதைச் சிரித்துத் தள்ள அவனால் முடியவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

அந்தப் பதக்கங்கள் சும்மா கிடந்தவை அல்ல. போரில் இறந்த வீரனின் மகளுக்குக் கல்யாணம் என்றால், அன்று ஒரு நாள் அந்தப் பதக்கங்களில் ஒன்று அவள் கழுத்தில் இருக்கும். அதை உடைய அரச குலப் பெண் தானே நேரில் போய்ப் பூட்டிவிட்டு, இறந்த தகப்பனின் இடத்தில் நிற்பாள். தாலி ஏறும் முன் எல்லோருக்கும் கேட்கும்படி, இந்தப் பெண்ணின் தந்தை பெயர் இன்னது, நாட்டுக்காக இன்ன இடத்தில் விழுந்தார் என்று சொல்வாள். கட்டிய மனைவி தன் வாயால் கணவன் பெயரைச் சொல்வது வழக்கமில்லை அல்லவா? அவன் செத்துப்போனால் அந்தப் பெயர் அந்த வீட்டில் ஒலிப்பதே நின்றுவிடும். அரச வீட்டுப் பெண் வந்து ஊரறியச் சொல்லும் அந்த ஒரு நாளுக்காக எத்தனையோ தாய்மார்கள் காத்திருந்தார்கள்.

தாண்டவனின் தகப்பனும் ஒரு போரில் முரசடித்துக்கொண்டே விழுந்தவர்தான். அக்காவின் கல்யாணத்தில், அப்போதைய ராணி வந்து தகப்பன் பெயரைச் சொன்னபோது அவனுக்கு ஏழு வயது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அதைக் கேட்ட முகம் அவனுக்கு மறக்கவில்லை. இந்தத் தை மாதத்தில் அதே மாதிரி நாலைந்து வீடுகளில் கல்யாணம். முதல் கல்யாணம் யானைப்பாகர் தெருவில், பூவாயி என்ற பெண்ணுக்கு. ராணி செண்பகவல்லியின் மாணிக்கப் பதக்கம் அவளுக்கு என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அது அவள் கழுத்துக்குப் போகாமல் கேசரியப்பரின் தொந்தியில் போய்த் தொங்குவதா? அது நடக்கக் கூடாது என்று தாண்டவன் அந்த இடத்திலேயே முடிவுகட்டினான்.

அவன் முகத்தைத் தளவாய் கவனித்துவிட்டார். மன்னர் எதற்கெடுத்தாலும் தாண்டவனைக் கூப்பிட்டு ஆலோசனை கேட்பது அவருக்கு நெடுநாளாகவே பொறுக்கவில்லை. பெண்களிடம் பதக்கங்களை வாங்கிவரத் தாண்டவனையே அனுப்பலாம், ஆனால் அரச குலப் பெண்கள் அழுதுகொண்டே கொடுத்த பொருள் வரிசைக்கு ஆகாது, சிரித்த முகத்தோடு தர வேண்டும் என்று எடுத்துவிட்டார். மன்னருக்கு இந்த யோசனை பிடித்துப்போயிற்று. மூன்று நாளைக்குள் சிரித்த முகத்தோடு நான்கு பதக்கங்கள் வர வேண்டும், ஒரு பெண்ணின் கண் கலங்கினாலும் தாண்டவன் எல்லை தாண்டிப் போய்விட வேண்டியது என்று உத்தரவிட்டார். கழுத்தில் கிடக்கும் நகையைக் கழற்றிக் கொடுத்துவிட்டுச் சிரிக்கிற பெண்ணை நீங்கள் யாராவது பார்த்திருக்கிறீர்களா?

தாண்டவன் அந்தப்புரத்துக்குப் போனபோது ராணிக்குச் செய்தி முன்பே எட்டியிருந்தது. கண்கள் சிவந்திருந்தன, ஆனால் அது கோபத்தில்.

“நீயுமா தாண்டவா இந்தக் காரியத்துக்கு வந்தாய்?”

“வந்தேன் தாயே. பதக்கத்தைக் கொடுங்கள். ஆனால் பதக்கத்தை மட்டும் கொடுக்காதீர்கள்.”

ராணிக்குப் புரியவில்லை. தாண்டவன் விளக்கினான். அரண்மனையில் மாமியார் மருமகளிடம் இந்தப் பதக்கத்தை ஒப்படைக்கும்போது, வாங்குகிறவள் கையில் நீர் வார்ப்பார்கள். ‘நகையும் என்னுடையது, நகையின் கடமையும் என்னுடையது’ என்று அவள் சொல்லி வாங்கிக்கொள்வாள். ராணியும் அப்படித்தான் வாங்கினாள். அதே போலத் தளவாயும் பிரதானிகளும் சபையில் வாங்கட்டும். யானைப்பாகர் தெருவில் போய் நிற்கட்டும். தளவாயின் தோளில் ஏறிய பட்டை இறங்காது என்ற விதியையும் தாண்டவன் சொன்னான்.

பூவாயி மணையில் உட்கார்ந்திருக்க, பின்னால் தளவாய் என்ன செய்துகொண்டிருப்பார் என்பது ராணியின் மனக்கண்ணில் ஓடியிருக்க வேண்டும். முதலில் உதட்டோரம் சிரித்தாள். பிறகு மற்ற மூன்று பதக்கங்களுக்கு உரிய பெண்களையும் கூப்பிட்டுக் காதில் சொன்னாள். அன்று அந்தப்புரத்தில் எழுந்த சிரிப்புச் சத்தம் கொலுமண்டபம்வரை கேட்டது. என்ன சங்கதி என்று பார்க்க மன்னரே எழுந்து வந்தார். நான்கு பெண்களும் சிரித்துக்கொண்டே பதக்கங்களைத் தட்டில் வைத்தார்கள். மன்னர் தாண்டவனை மேலும் கீழும் பார்த்தார். தளவாய் சிரிக்கவில்லை.

பொற்கொல்லர் நான்கு பதக்கங்களையும் பட்டைகளில் தைத்து, ஒவ்வொன்றின் பின்னாலும் அதை அணியப் போகிறவரின் வீரச்செயலைப் பொறித்தார். தைப் பௌர்ணமி அன்று காலையில் சபை கூடியது. இந்தப் பதக்கங்கள் கைமாறும்போது கையில் நீர் வார்ப்பது அரண்மனை மரபு என்று தாண்டவன் செம்பை எடுத்துக்கொண்டு நின்றான். மரபு என்றால் மரபு என்று மன்னர் தலையை ஆட்டினார். நால்வரும் கையை நீட்டினார்கள். அந்த அவசரத்தில் அவர்கள் என்ன சொல்லச் சொன்னாலும் சொல்லியிருப்பார்கள். “நகையும் என்னுடையது, நகையின் கடமையும் என்னுடையது” என்று தளவாய்தான் எல்லோரையும்விட உரக்கச் சொன்னார். மாணிக்கப் பதக்கத்தை அவர் வேறு யாருக்கும் விடவில்லை.

இரண்டு நாள் கழித்து, சபை நடந்துகொண்டிருந்தபோது பூவாயியின் தாய் வெற்றிலைத் தட்டோடு வந்து நின்றாள். நடுத்தர வயது, நெற்றியில் பொட்டில்லை, நிமிர்ந்து நிற்கும் பெண். ராணியம்மாவிடம் போனேன், பதக்கம் இப்போது தளவாய் ஐயாவிடம் இருப்பதாகச் சொல்லி இங்கே அனுப்பினார்கள், நாளை மறுநாள் முகூர்த்தம் என்று சொல்லித் தட்டைத் தளவாயின் முன் வைத்தாள். தளவாய் அவளை ஏறிட்டுக்கூடப் பார்க்கவில்லை. அதற்கெல்லாம் எனக்கு நேரமில்லை, கழுத்துக்குப் பூமாலை வாங்கிப் போடு போ என்றார்.

தாண்டவன் எழுந்தான். “மகாராஜா, நீர் வார்த்துச் சொன்ன சொல்லை மீறியவர் இந்தச் சபையில் உட்காரக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். தளவாய் என்ன சொல்லி வாங்கினார் என்பது இங்கே எல்லோருக்கும் காதில் விழுந்தது.”

தளவாய் விழித்தார். சரி, பதக்கத்தை ஆளிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று பட்டையில் கை வைத்தார். உடனே தாண்டவன் பதறிப்போனவன் போல, இறக்காதீர்கள் ஐயா, இறக்கினால் நாடு கடத்த வேண்டியிருக்கும், விதியை எழுதியது நீங்கள்தானே என்று தடுத்தான். தளவாயின் கை அந்தரத்தில் நின்றது. போகாவிட்டால் பதவி போகும், கழற்றினால் நாடே போகும்.

மன்னருக்கு இது வேடிக்கையாகிவிட்டது. இதற்கு வழி உண்டா என்று தாண்டவனைக் கேட்டார். ஏன் இல்லை, தளவாய் தொலைநோக்கோடு பட்டையை நீளமாகவே தைத்திருக்கிறார், பதக்கம் பெண்ணின் கழுத்தில் இருக்கட்டும், பட்டை அவர் தோளிலேயே இருக்கட்டும், அவர் பின்னால் உட்கார்ந்துகொண்டால் இரண்டு விதியும் பிழைக்கும் என்றான் தாண்டவன். மன்னர் சிம்மாசனத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அப்படியே நடக்கட்டும், நானும் வந்து பார்க்கிறேன் என்றார்.

முகூர்த்த நாளில் யானைப்பாகர் தெரு அடைத்துப் பந்தல். பூவாயி மணையில் உட்கார்ந்திருந்தாள், கழுத்தில் மாணிக்கப் பதக்கம். பதக்கத்திலிருந்து கிளம்பிய பட்டை அவள் பின்கழுத்து வழியாகப் போய், பின்னால் சம்மணம் போட்டிருந்த தளவாயின் தோளில் முடிந்தது. கன்றைக் கட்டிப்போட்ட மாதிரி இருந்தது. ஓமப் புகை நேராக அவர் கண்ணுக்குத்தான் வந்தது. பெண் குனிந்தால் அவரும் குனிய வேண்டும், பெண் எழுந்தால் அவரும் எழ வேண்டும். மாப்பிள்ளை வீட்டுக் கிழவர் ஒருவர், பின்னால இருக்கிறது யாரு, பொண்ணுக்குத் தாய்மாமனா என்று சத்தமாக விசாரித்தார். தெருவில் சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. முன்வரிசையில் இருந்த மன்னர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பக்கத்தில் ராணி தலையைக் குனிந்துகொண்டு சிரித்தாள்.

தாண்டவன் சிரிக்கவில்லை. அவன் எதற்காகப் பாடுபட்டானோ அது இனிமேல்தான் நடக்க வேண்டும். தாலித் தட்டு சபையைச் சுற்றி வந்து நின்றதும், “தளவாய் ஐயா, பெயரைச் சொல்லுங்கள்” என்றான்.

தளவாய்க்குப் பெயர் தெரியாது. பூவாயியின் தாய் பக்கம் சாய்ந்து, உன் புருஷன் பெயர் என்னம்மா என்று மெதுவாகக் கேட்டார். நூறு கல்யாணத்தில் சாப்பிட்ட மனிதர், கேட்கக் கூடாதவளிடம் போய்க் கேட்டுவிட்டார். அவள் வாயைத் திறக்கவில்லை. தெருவில் எல்லோருக்கும் அந்தப் பெயர் தெரியும், ஆனால் ஒருவரும் எடுத்துக் கொடுக்கவில்லை. சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. தாலித் தட்டைப் பிடித்திருந்தவர் கையை மாற்றிக்கொண்டார்.

மன்னருக்குப் பொறுமை போயிற்று. தாமே அந்தப் பெண்மணியிடம் கேட்டார்.

“அவரு பேரை நான் சொல்லக் கூடாதுங்க மகாராசா” என்றாள் அவள். “ராணியம்மா வந்து சொல்லுவாங்கன்னுதான் ரெண்டு வருசமாக் காத்துக்கிட்டு இருக்கேன். வேணும்னா எடத்தைச் சொல்றேன். காக்கையாத்துத் துறை. ஒத்தை ஆனையைக் குறுக்க நிறுத்திக்கிட்டு மூணு நாளு நின்னாரு. நாலாம் நாளு அங்குசம் மட்டுந்தான் வீட்டுக்கு வந்துச்சு.”

மன்னர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது. எழுந்து வந்து, பூவாயியின் கழுத்திலிருந்த பதக்கத்தை அவளிடம் கேட்டுத் திருப்பிப் பார்த்தார். காக்கையாற்றுத் துறையை மூன்று நாள் காத்தவர் என்று அவர் உத்தரவின்பேரில் பொறித்த எழுத்து அங்கே இருந்தது. அந்த மூன்று நாளும் துறைக்கு இந்தப் பக்கம் கூடாரத்தில் இருந்தவர் மன்னர். எதிரி வந்திருந்தால் முதலில் போயிருப்பது அவர் தலை. அந்தத் தலையைக் காத்தவன் யார் என்று இரண்டு வருடமாக அவர் விசாரித்ததே இல்லை.

“கேசரியப்பரே, துறையைக் காத்தது யார்?”

தளவாய்க்கு எழுந்து ஓடவும் வழியில்லை, பட்டை மணப்பெண்ணோடு கட்டியிருந்தது. தாம் துறைக்குப் பக்கத்துக் குன்றுக்கு அந்தப் பக்கம் இருந்ததாகவும், ஒரு பாகன் நின்றதாகப் பிறகு கேள்விப்பட்டதாகவும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

இந்தப் பெண்ணிடமிருந்து அவரை உடனே அவிழ்த்துவிடுங்கள், இவளோடு சேர்ந்து உட்காரும் யோக்கியதை அவருக்கு இல்லை என்றார் மன்னர். சொல்லிவிட்டு, முத்திரை போட்ட விதி நினைவுக்கு வந்து தாண்டவனைத் திரும்பிப் பார்த்தார். தாண்டவன் இடுப்பிலிருந்து ஒரு சிறு கத்தரியை எடுத்து, பதக்கத்தைப் பட்டையோடு பிடித்திருந்த நான்கு தையலையும் வெட்டினான். ராணி கொண்டுவந்திருந்த முத்துச் சரத்தில் பதக்கத்தைக் கோத்துப் பூவாயியிடம் கொடுத்தான். வெறும் பட்டை தளவாயின் தோளிலேயே இருந்தது.

“பட்டைதான் இறங்கக் கூடாது மகாராஜா. பதக்கத்தைப் பற்றி விதியில் ஒன்றும் இல்லை. ஐயா உயிருள்ளவரை இதைத் தாராளமாகப் போட்டுக்கொள்ளலாம்.”

“இதை அன்றைக்கே சபையில் சொல்லியிருக்கலாமே?”

“சொல்லியிருக்கலாம். ஆனால் பதக்கம் மட்டும் வந்திருக்கும். இவர் வந்திருக்க மாட்டார், நீங்களும் வந்திருக்க மாட்டீர்கள்.”

மன்னர் வாய்விட்டுச் சிரித்தார், இந்த முறை தம்மை நினைத்து. தம் கையிலிருந்த தங்கக் கடகத்தைக் கழற்றித் தாண்டவன் கையில் மாட்டினார். தாண்டவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவன் ஒன்றும் முனிவன் இல்லை. கூட்டத்தில் இருந்த மூன்று பிரதானிகளும் அதற்குள் அவரவர் பட்டையின் தையலைப் பிரித்துக்கொண்டு, தங்கள் பதக்கங்களை ராணியின் முன்னால் கொண்டுவந்து வைத்தார்கள்.

பதக்கம் பெண்ணின் கழுத்தில் ஏறிவிட்டது, பெயர்தான் பாக்கி. ராணி எழுந்தாள். மன்னர் அவளைக் கையமர்த்தி, செம்பு நீரைத் தாமே தம் உள்ளங்கையில் வார்த்துக்கொண்டு, கடமை இன்று என்னுடையது என்றார். பூவாயியிடம் குனிந்து பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள். மன்னர் நிமிர்ந்து, தெருக்கோடிவரை கேட்கும்படி சொன்னார்.

“இந்தப் பெண்ணின் தந்தை பெயர் சடையன். காக்கையாற்றுத் துறையை மூன்று நாள் காத்து, அங்கேயே விழுந்தார். நான் உயிரோடு இருப்பது அவரால்.”

குலவைச் சத்தத்துக்கு நடுவில் தாலி ஏறியது.

பெண்ணைப் பெற்றவரின் இடத்தில் நின்றால் பந்தி விசாரிக்க வேண்டும். மன்னர் மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு, வரிசை வரிசையாக நடந்து, யாருக்குச் சோறு வேண்டும், யாருக்கு ரசம் வேண்டும் என்று கேட்டார். சிரித்தார், வியர்த்தார், ஒரு கிழவரின் இலையில் பாயசத்தைக் கொட்டிவிட்டு மன்னிப்புக் கேட்டார். மூன்று பந்தி முடிந்து, தெரு காலியாகிக்கொண்டிருந்தபோது பூவாயியின் தாய் ஒரு தலைவாழை இலையைக் கொண்டுவந்து தரையில் விரித்து, நீர் தெளித்தாள்.

“சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாரும் சாப்பிட்டாச்சு” என்றாள். “இனிமே பொண்ணைப் பெத்தவரு உக்காரலாம்.”

மன்னர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். உட்கார்ந்தார். பாத்திரங்களில் மிச்சமிருந்தது கொஞ்சம் சோறும் அடி ரசமும்தான். அவள் பரிமாறினாள், அவர் இலையில் ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டுவிட்டு எழுந்தார்.